எட்டு மணி வேன்

அவிநாசிபாளையம்,
வியாழக்கிழமை சாயங்காலம்.

அன்புள்ள ஷாஸியாவுக்கு வாணி எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் குரலை நானே கேட்டேன். வாசல் தெளிக்கவில்லை, பால் வாங்கப் போகவில்லை. இவர் எழுந்திருப்பதற்குள் போனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகை வரைக்கும் போய், உன் திட்டத்தின் மாத்திரை அழைப்பைச் சோதிக்க நீ கொடுத்திருந்த எண்ணை அழைத்தேன். வணக்கமுங்க, நான் வாணி பேசறனுங்க என்று ஆரம்பித்து, ஆளின் பெயரைச் சொல்லி, மாத்திரையின் பெயரைச் சொல்லி, சாப்பிட்டிருந்தால் ஒன்றை அமுக்கச் சொல்லி முடிகிறது. எவ்வளவு சந்தோஷமாகப் பேசியிருக்கிறேன் தெரியுமா? கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. மூன்று தடவை கேட்டேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஒச்சாயியைப் பார்க்கக் கிளம்பினேன்.

ஒச்சாயி யார் என்று உனக்குத் தெரியாது. உன் கணினியில் அவள் நாற்பத்தேழாம் எண். அந்த எண்காரர் ஒரு வாரமாகப் பதில் தரவில்லையே, என்ன ஆயிற்று என்று திங்கட்கிழமை கேட்டிருந்தாய். சொந்த ஊருக்குப் போயிருப்பாங்க என்று உடனே பதில் போட்டேன். அது பொய். என்ன நடந்தது என்று அப்போதே எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். என் போன் என்னுடையது இல்லை, ஷாஸியா. துணி வாங்குகிற பார்ட்டியிடம் பேச இவர் எடுப்பார். சார்ஜ் போடும்போது மகள் ஜனனி எடுத்துப் பார்ப்பாள். தையல் ஷெட்டிலிருந்து யாராவது வந்து, அக்கா ஒரு நிமிஷம் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தப்பாகவே தெரிந்ததில்லை. நாளைக்குக் காதர்பேட்டையில் உங்கள் கடைக்குப் போய் உன் தம்பி தௌபிக்கிடம் இந்தக் கடிதத்தை ஒட்டிக் கொடுக்கப் போகிறேன். ராத்திரி பெங்களூர் வண்டி ஏறுகிறானாம். சனிக்கிழமை காலையில் உன் கைக்கு வந்துவிடும். அவன் பிரித்துப் பார்க்கிறவன் இல்லை. நாம் கல்லூரியில் படிக்கும்போதும் நம் கடிதங்களை அவன்தானே தபால் பெட்டியில் போடுவான்.

முதல் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் செய்து கொண்டுவந்திருந்த செயலியில் எதைத் தொட்டாலும் ஓடிபி கேட்டது. அது வீட்டுக்காரர் போனுக்கல்லங்க போகும், அவர்கிட்ட நம்பர் கேட்டு வாங்கி நான் மாத்திரை முழுங்கறதுக்குள்ள எனக்கு உசிரு இருக்குமா என்று மயிலாள் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம், நீயும்தான் சிரித்தாய். ஆனால் மறுநாளே அதை எடுத்துவிட்டாய். எங்கள் பேச்சைக் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் நம்பினோம்.

அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள்தான். எழுத்து வேண்டாம், குரல் வேண்டும். மெஷின் குரல் வேண்டாம், தெரிந்தவர் குரல் வேண்டும். வாணி பேசினா எடுப்போம், இல்லாட்டி லோன் கம்பெனின்னு கட் பண்ணிருவோம் என்றார்கள். நேரத்தையும் அவர்களே சொன்னார்கள். எட்டரைக்குப் பனியன் கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வார்கள். ஏனுங்க அம்மிணி, எங்க போனு எங்க கையில இருக்கறதே காலையில கம்பெனி வேன்ல போறப்ப மட்டுந்தானுங்க என்று மயிலாள்தான் சொன்னாள். எட்டு மணி என்று முடிவாயிற்று. உன் குழுவிலிருந்த தம்பி அதைக் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டான். இந்த மாதிரி ஒரு விஷயம் எங்களுக்கு ஆபீசில் உட்கார்ந்து தோன்றியே இருக்காது என்று நீ சொன்னாய். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் இல்லை.

எங்களுக்கும் தோன்றாத ஒன்று இருந்தது. நான் அந்த வேனில் ஒருநாளும் ஏறியதில்லை. எங்கள் ஷெட் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, எனக்கு வேன் எதற்கு? வேனில் யாரும் போனைக் காதில் வைத்துப் பேசுவதில்லை. டிரைவர் செங்கோட்டையன் பாட்டைச் சத்தமாகப் போட்டிருப்பார், ஜன்னலெல்லாம் திறந்திருக்கும், அதனால் எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில்தான். ஒருத்தியின் கையில் டிபன் கேரியர் இருந்தால் பக்கத்தில் இருப்பவள் எடுத்து அமுக்குவாள். கூட்டத்துக்கு வந்த வேன்காரப் பெண்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். அதில் கஷ்டம் இருக்கிறது என்றுதான் தெரியாது. அங்கே வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு. இதையெல்லாம் இங்கே யாரும் ஒளிப்பதில்லை. எனக்குச் சர்க்கரை முன்னூத்தி இருபதுங்க என்று மயிலாள், மாமியார் போட்ட நகையைக் காட்டுவது போலச் சொல்வாள்.

ஒச்சாயிக்குக் காசநோய். அவள் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதலாமா என்று இன்று அவளிடமே கேட்டேன். இனிமே ஒளிக்க என்னக்கா இருக்கு, எழுதிக்கங்க என்றாள்.

அவள் உசிலம்பட்டிப் பக்கம். நான்கு வருஷமாக இங்கே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீட்டில் இருக்கிறாள், கம்பெனியில் பனியனுக்குப் பிசிர் வெட்டுகிற வேலை. மகள் ஊரில் பத்தாவது படிக்கிறாள். நோய் தெரிந்ததும் நர்ஸ் அவளை நம் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். நான்தான் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன். மாத்திரையைப் போன் ஞாபகப்படுத்தும் என்றேன். எந்த மாத்திரை என்று உரக்கச் சொல்லும் என்று சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

முதல் பத்து வாரம் அவள் வேன் வருவதற்கு முன்பே போனை அணைத்துவிட்டு, பிறகு கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று திரும்ப அழைத்து, ஒன்றை அமுக்கியிருக்கிறாள். அதை நாம் யாரும் கேட்கவும் இல்லை. போன வாரம் திங்கட்கிழமை அணைக்க மறந்துவிட்டாள். ஜன்னலோரம் இடம் பிடிக்கிற அவசரத்தில் பையையும் போனையும் மயிலாளிடம் கொடுத்திருந்தாள். அழைப்பு வந்தது. மயிலாள் வழக்கம் போல ஸ்பீக்கரைப் போட்டாள். வணக்கமுங்க, நான் வாணி பேசறனுங்க, ஒச்சாயி, காசநோய் மாத்திரை சாப்பிட்டீங்களா?

செங்கோட்டையன் பாட்டை நிறுத்திவிட்டாராம். மயிலாள் என்னிடம் வந்து சொன்னபோது அழுதுவிட்டாள். நான் அமுக்கினனுங்க அம்மிணி, என்ற கையி அமுக்கிருச்சு என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். உன் மேல் தப்பில்லை என்றேன். யார் மேல் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அவளும் மறுநாள் வேனில் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். அதையும் அவளேதான் சொன்னாள்.

ஒருத்தரும் ஒச்சாயியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். நிற்க இடமில்லாத வேனில் அவள் பக்கத்தில் இரண்டு பேர் உட்காருகிற இடம் காலியாகப் போயிருக்கிறது. மூன்றாம் நாள் செங்கோட்டையன், தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க கொஞ்ச நாளைக்கு பஸ்ல வந்துட்டா நல்லதுங்க என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். லைன் வீட்டுக்காரி தெய்வாத்தாளும் அப்படித்தான். தண்ணி நீ கடைசியாப் புடிச்சுக்க கண்ணு என்று, அந்தக் கண்ணைச் சேர்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊர் மரியாதை உனக்குத் தெரியாததா?

இன்று நான் போனபோது ஒச்சாயி துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஊருக்குப் போகிறாளாம். மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாகிறது. சிம் கார்டைக் கழற்றி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். மூன்றரை மாதம் பாக்கி. நேற்று நர்ஸிடம் கேட்டேன். இரண்டு மாதமாக ஒழுங்காகச் சாப்பிட்டு, சளிப் பரிசோதனையும் சரியாக வந்ததால் இப்போது அவளிடமிருந்து யாருக்கும் பரவாது, ஆனால் நடுவில் இப்படியே விட்டால் இதே மருந்து பிறகு கேட்காமல் போகலாம் என்றார். உடனே டாக்டரிடம் கூட்டி வரச் சொன்னார். ஊருக்குப் போய்விட்டால் அவள் எங்கேயும் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. உங்க குரலு ரேடியோவுல பேசுறவுக மாதிரி நல்லாத்தேன் இருக்குக்கா, வேற யாராச்சும் சொல்லியிருந்தா பொய்யின்னு சமாளிச்சிருப்பேன், நீங்க சொன்னதால எல்லாரும் நம்பிட்டாக என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நீ ஏன் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை, வந்திருந்தால் இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியே எனக்குக் கேட்டது. ஞாயித்துக்கெழமை காலையில கூட்டம் போட்டா ஆறு நாள் அழுக்க யாருக்கா தொவைக்கிறது, அதுவுமில்லாம உங்க வீட்டு வாசல்ல எங்களை எவரு கூப்பிட்டாக என்றாள். உண்மைதான். ஆறு கூட்டம் நடந்தது. லைன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்கள் வரவில்லை என்றுகூட நான் கவனிக்கவில்லை. உங்கள் அறிக்கையில் இந்த ஊர் மக்களே சேர்ந்து உருவாக்கியது என்று இருக்கிறது. அந்த மக்கள் யார் என்று யாராவது கேட்டால் எங்கள் பந்தலில் இருந்த நாற்பது பேரைத்தான் காட்ட முடியும்.

அப்புறம் அவள் ஒன்று சொன்னாள். அதைத் தனியாகக் குறித்துக்கொள். செங்கோட்டையன் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முந்தின நிறுத்தத்தைத் தாண்டும்போது இரண்டு ரிங் மட்டும் விட்டு வைத்துவிடுவார். பெண்கள் எடுக்கமாட்டார்கள், அந்த நம்பரைப் பார்த்ததும் ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்தாளு ரெண்டு ரிங் விட்டா நாங்க வந்துர்றோம், பேரச் சொல்லி ஊரச் சொல்லியா கூப்பிடுறாரு, உங்க கம்ப்யூட்டருக்கு ரெண்டு ரிங் விடத் தெரியாதா என்று கேட்டாள். சாப்பிட்டாச்சுன்னா நாங்களும் திருப்பி ரெண்டு ரிங் விட்டுட்டுப் போறோம் என்றாள். ஆறு கூட்டத்தில், பந்தல் போட்டு, டீயும் முறுக்கும் கொடுத்து நாம் கண்டுபிடிக்காததை அவள் மூட்டைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள்.

டாக்டரிடம் போகலாம் வா என்றேன். வர்றேன், இன்னைக்கு மாத்திரையும் போட்டுக்கிறேன், ஆனா இங்கயே இருன்னு சொல்லாதீக என்றாள். இருந்தா நாளைக்கு வேன்ல எம் பக்கத்துல யாரு உக்காருவா என்றாள். பிறகு, சும்மா பேச்சுக்குக் கேட்பது போல, நீங்க எந்த மாத்திரைக்குப் பதிஞ்சிருக்கீகக்கா என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

நல்லது என்றாள்.

ஷாஸியா, மூன்றாம் கூட்டத்தில் பன்னிரண்டு நோய்களை ஒரு சார்ட்டில் எழுதித் தொங்கவிட்டு, இந்த ஊருக்குத் தேவையில்லாததை நீங்களே அடியுங்கள் என்றாய். ஸ்கெட்ச் பேனா என் கையில் இருந்தது. ஒன்பதாவது வரி மனச்சோர்வு, தூக்கமின்மை. எங்க ஊர்ல அந்த மாதிரி யாருக்கும் இல்லீங்க, அதைக் கேட்டா மத்த கேள்விக்கும் பதில் சொல்லமாட்டாங்க என்று சொல்லி நான்தான் அடித்தேன். மக்கள் கருத்து என்று நீ குறித்துக்கொண்டாய்.

நான்கு வருஷமாக நான் அந்த மாத்திரைதான் சாப்பிடுகிறேன். காரணம் என்று ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க, பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே அடுப்பு முன்னால் நிற்பேன். அணைக்க வேண்டும் என்று தெரியும், கை போகாது. பேப்பரில் ஒரு டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு நானாகத்தான் கோவைக்குப் போனேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். மாத்திரையை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது நன்றாக இருக்கிறேன். உன் வேலைக்கு ஓடியாட முடிந்ததே அதனால்தான். இவருக்குத் தெரியாது. ஜனனிக்கும் தெரியாது. உனக்குக்கூடச் சொல்லவில்லை பார்.

ஜனனிக்குப் பொங்கலூரிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. வளர்பிறையில் பார்க்க வருகிறார்கள். இவர் ஷெட்டுக்கு முன்பக்கம் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு இப்படி என்று தெரிந்தால் அந்தப் பேச்சு அத்தோடு நிற்கலாம். நிற்காமலும் போகலாம். நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் உங்க நோயைச் சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது என்று படிவம் நீட்டியபோது இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.

உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் என் குரலில் போகிற அழைப்புகள் எல்லாவற்றையும் நிறுத்து. அடுத்த வாரம் முப்பது ஊரில் தொடங்குவதாக இருந்ததைத் தள்ளிப் போடு. நிதி கொடுத்தவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும், தெரியும். தொடக்க விழா மேடையில் நான் பேசுவதாக இருந்தால், இந்த வேனில் நடந்ததைத்தான் பேசுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துணியெல்லாம் காய்ந்த பிறகு, லைன் வீட்டு முற்றத்தில் ஏழாவது கூட்டம் வைக்கப் போகிறேன். தெய்வாத்தாளிடம் கேட்டுவிட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு சரி என்றாள். இரண்டு ரிங் யோசனையை அங்கே ஒச்சாயிதான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை போகாமல் திங்கட்கிழமை வரைக்கும் மட்டும் இரு என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். யோசிச்சுச் சொல்றேன் என்றாள். மத்தியானம் டாக்டரிடம் போய் வந்தோம். மாத்திரையை என் முன்னாலேயே போட்டாள். மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை.

எல்லா அழைப்பையும் நிறுத்தச் சொன்னேன் அல்லவா, ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, என் எண்ணுக்கு. இரண்டு ரிங் வேண்டாம், பழைய மாதிரியே முழுசாக வரட்டும். பெயரையும் மாத்திரையையும் நானே பேசிப் பதிந்து, இந்தக் கடிதத்தோடு இருக்கும் சின்ன மெமரி கார்டில் போட்டிருக்கிறேன். ஊர் மக்கள் அடித்த வரி என்று நீ நினைத்திருப்பதை, நான் அடித்த வரியை, திரும்ப எழுதிக்கொள். அதில் முதல் பெயர் கோகிலவாணி.

நம் நிறுத்தத்துக்கு வேன் ஏழு ஐம்பதுக்கு வரும். நான் ஏறப் போகிறேன். ஒச்சாயியைக் கையைப் பிடித்து ஏற்றி, முன்னால், அந்தக் காலி சீட்டில் அவள் பக்கத்தில் உட்காரப் போகிறேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்வேன். செங்கோட்டையன் பாட்டை நிறுத்துவார். நிறுத்தட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இவரிடமும் ஜனனியிடமும் சொல்வேன். வேண்டாம் என்று அவர்கள் சொல்லக்கூடும். அனுமதி கேட்கப் போவதில்லை, வேனில் வந்தவர்கள் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாமே என்றுதான். அதுவரைக்கும் யாரிடமும் சொல்லப் போவதில்லை. நீ இதைப் படிக்கிற நேரத்தில் இது தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

உங்கள் வீட்டில் காத்தூன் அம்மாவைப் போன வாரம் பார்த்தேன். முட்டிவலி தேவலாம். வாராவாரம் பேசுகிறாயாம், போன் கொதிக்கிற வரைக்கும் பேசுகிறாள் என்று சலித்துக்கொள்கிற மாதிரி சந்தோஷப்பட்டார்.

உனக்கு எல்லா நலமும் சேரட்டும், உன் கை தொட்டது நல்லபடியாக முடியட்டும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு நீ எங்கே இருந்தாலும், ஒரு நிமிஷம் எனக்காக துஆ செய். என் குரல் நடுங்காமல் இருக்க வேண்டும் என்று இல்லை. பக்கத்து சீட்டில் அவள் இருக்க வேண்டும் என்று.

உன்
வாணி